இரண்டாம் மாடிச் சாவி

சனிக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, ஆடித் தள்ளுபடிக் கூட்டம் மாடிப்படி வரைக்கும் நின்றுகொண்டிருந்த நேரத்தில், ஆவுடையப்பனுக்கு அடிவயிற்றின் இடது பக்கம் ஏதோ மெல்ல அசைந்து கொடுத்தது. வலி இல்லை. வலி என்றால் அவருக்குத் தெரியும், மூன்று வருடமாக அதோடுதான் குடும்பம் நடத்துகிறார். இது வேறு, யாரோ உள்ளேயிருந்து தோளைத் தொட்டு அண்ணாச்சி என்று கூப்பிட்டதுபோல, மரியாதையான ஒரு அசைவு. ஒரு நிமிடம் அவருக்குப் புரியவில்லை, பிறகு புரிந்தது, புரிந்ததும் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஏனென்றால் இருபத்திமூன்று நாளாக இதற்காகத்தான் காத்திருந்தார். இருபத்திமூன்று நாளாகத் தண்டங்கீரை, முருங்கைக்கீரை, தோலோடு கொய்யாப்பழம், சிவப்பரிசிச் சோறு, ராத்திரி படுக்குமுன் வெந்நீரில் கலக்கிய இசப்கோல் உமி, அது தொண்டையில் இறங்குவதற்குள் ஆறு தடவை கண்ணை மூடித் திறக்க வேண்டியிருந்தது. பாளையங்கோட்டை டாக்டரம்மா சின்னப் பெண், அவருடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும், எத்தனை நாளைக்கு ஒரு தடவை போறீங்க என்று கேட்டபோது அவர் ரெண்டு என்றார், அந்தப் பெண் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு பார்த்தது, நாலு என்றார், சில சமயம் அஞ்சு. ரத்தம்? எப்பவாவது. எப்பவாவதுன்னா? போறப்பல்லாம். அப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தது மேசைமேல் இருந்த ரப்பர் குடல் பொம்மையை. "நார்ச்சத்து நமக்குச் செரிக்காதுங்க, செரிக்காததாலதான் அது வேணும்," என்றது அந்தப் பெண். "அது தண்ணியை இழுத்து வச்சுக்கிட்டு மலத்தை இளக்கும். குடல் தள்ளுறதுக்கு ஒரு கனம் வேணும்ல? வெறும் வெள்ளைச் சோறும் ரசமும் போட்டா அது எதைத் தள்ளும்? ஆனா தண்ணி நல்லாக் குடிக்கணும், தண்ணி இல்லாம நார் மட்டும் போச்சுன்னா அதுவே கட்டிக்கும்." உள்ளே குழாய் விட்டுப் பார்த்ததில் பயப்படும்படி ஒன்றும் இல்லை, மூலம்தான், மூன்று மாதம் பார்ப்போம், இல்லையென்றால் வெட்ட வேண்டும். கடைசியாக, அவர் எழுந்து நின்ற பிறகு, "உணர்ச்சி வந்தா உடனே போயிரணும், அடக்கக்கூடாது. அடக்கி அடக்கி வச்சா குடல் கேக்கறதையே நிறுத்திரும்." கேட்பதையே நிறுத்திவிடும். நிறுத்தியிருந்தது உண்மைதான். இப்போது, இத்தனை வருடம் கழித்து, நடுக்கடையில், கேட்கிறது.

வண்ணார்பேட்டையில் அந்த ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடி முழுக்கச் சேலை, இருபத்திரண்டு பெண்கள், அவர்களுக்கு மேல் பத்தொன்பது வருடமாக ஆவுடையப்பன். அவர் நிற்கும் இடம் படி ஏறியதும் வலப்புறம், சிறிய மேசை, அதன் இழுப்பறையில் வேலை பார்க்கும் பெண்களின் கழிப்பறைச் சாவி. சாவி மட்டும் என்றால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு யாருக்கும் தெரியாமல் நடந்துவிடலாம். ஆனால் சாவியோடு ஒரு முழ நீளத்துக்கு மரக்கட்டை, அதில் சிவப்புப் பெயிண்ட், போகிற பெண் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு கவுண்டரையும் தாண்டித்தான் போக வேண்டும், வாடிக்கையாளர் உட்பட எல்லோருக்கும் அவள் எங்கே போகிறாள் என்று தெரியும், திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் தெரியும். அந்த யோசனை யாருடையது? எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தீபாவளி சமயத்தில் ரெண்டு பெண்கள் உள்ளே போய் போன் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று முதலாளி அவரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் ஏசினார், மறுநாளே ஆவுடையப்பன் பூட்டு வாங்கிவந்தார், கட்டை வாங்கிவந்தார், மத்தியானம் ஒரு மணிக்கும் சாயங்காலம் ஐந்துக்கும் திறப்பது, நடுவில் அவசரம் என்றால் அவரிடம் வந்து கேட்பது. முதலாளி கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், மூளைக்காரன்வே நீ என்றார். அதை வீட்டுக்குப் போய் மனைவி கோமுவிடம் இரண்டு தடவை சொன்னார். கோமு அன்றைக்கு என்ன பதில் சொன்னாள்? பிள்ளைகளுக்குத் தோசை வார்த்துக்கொண்டே, பொம்பளப் பிள்ளைகளுக்கு அப்படியெல்லாம் நேரம் பாத்து வருமா என்றாள், அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். நாலாம் மாடியில் ஆபீஸ்காரர்களுக்கு ஒரு கழிப்பறை உண்டு, அவர் போவது அங்கேதான், ஆனால் வியாழக்கிழமையிலிருந்து பிளம்பர் அதைத் தோண்டிப் போட்டிருக்கிறார். கீழ்த்தளத்தில் வாடிக்கையாளர் கழிப்பறை, அதன் வாசலில் ஊழியர் உபயோகிக்கக் கூடாது என்ற பலகை, பலகையில் உள்ள எழுத்துக்கூட அவர் எழுதிக்கொடுத்ததுதான். எல்லாப் பக்கமும் தானே போய் அடைத்துவிட்டு நடுவில் வந்து நிற்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது, உடனே அது நாடகத்தனமாக இருக்கிறதே என்றும் தோன்றியது, வயிறு இரண்டையும் கவனிக்காமல் இன்னொரு தடவை அசைந்தது. "சாப்ட் சில்க் எங்க இருக்கு?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். "நேராப் போயி இடது பக்கம்மா," என்று கையைக் காட்டினார், கை காட்டும்போது உடம்பு முழுவதையும் இறுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது, குரல் மட்டும் எப்போதும்போல் வந்தது, அதில் அவருக்கு ஒரு அற்பப் பெருமை.

அடக்கினார். முதல் அலையை அடக்குவது சுலபம், அவருக்குப் பழக்கம்தான், மூச்சைப் பிடித்துக் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு வேறு எதையாவது நினைக்க வேண்டும். வேறு எதையாவது என்று நினைத்ததும் வடிவு வந்தாள். வேறு யாரும் வரவில்லை, இந்த இருபத்திமூன்று நாளும் அவளேதான் வருகிறாள், கீரையைப் பிசைந்து வாயில் வைக்கும்போது வருகிறாள். சுடலைவடிவு, மானூர்ப் பக்கம், மெலிந்த கறுத்த பெண், அவளைப்போல வேகமாகச் சேலை மடிக்க இந்த மாடியில் ஆள் கிடையாது. கடை விடுதியில் தங்கியிருந்தாள், விடுதியில் நாற்பது பெண்களுக்கு மூன்று கழிப்பறை, எட்டரைக்கு எல்லோரும் கடையில் நிற்க வேண்டும். இது அவருக்குத் தெரியும், தெரியாது என்று சொல்ல முடியாது, விடுதிக்கு மாதம் ஒரு தடவை போய்ப் பார்ப்பவர் அவர்தான். வடிவு முதல் தடவை வந்து, அண்ணாச்சி சாவி, என்று கேட்டபோது கொடுத்தார். இரண்டாம் நாளும் கொடுத்தார். மூன்றாம் நாள் ஒரு கல்யாண கோஷ்டி பட்டுச்சேலை எடுக்க உட்கார்ந்திருந்தது, பத்துப் பதினைந்து பேர், ஆண்களும் பெண்களும், அவள் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள், அவ்வளவு தாழ்த்திக் கேட்டவளிடம் அவர் குரலை உயர்த்தினார். "விடுதியில முடிச்சிட்டு வரமாட்டியா? கடைக்கு வேலை பாக்க வாறியா, கக்கூஸ் போக வாறியா?" கல்யாண கோஷ்டியில் ஒரு ஆள் சிரித்தான். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார், பார்த்து, அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான். பேசியதை மன்னிக்க ஏதாவது காரணம் கண்டுபிடிக்கலாம், சீசன், கூட்டம், மேலேயிருந்து நெருக்கடி, ஆனால் அந்தச் சிரிப்புக்கு ஒரு காரணமும் கிடைப்பதில்லை, அது சும்மா சிரித்தது, சந்தோஷத்துக்குச் சிரித்தது, முன்பின் தெரியாத மூன்று ஆண்கள் தன்னுடைய பேச்சுக்குச் சிரித்துவிட்டார்கள் என்பதற்காகச் சிரித்தது. வடிவு சாவியை வாங்காமலே திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. அடங்கிவிட்டாள் என்று அவர் நினைத்தார், மற்றப் பெண்களுக்குக்கூட உதாரணம் காட்டினார். தண்ணீர் பாட்டில் நிரப்பி வைத்தபடியே சாயங்காலம் வரை அவளுடைய அலமாரியில் இருக்கும், அவளுடையது மட்டும் அல்ல, எல்லாப் பெண்களுடைய பாட்டிலும் அப்படித்தான் இருக்கும், அதை அவர் பார்த்திருக்கிறார், பார்த்து, நேரத்தை வீணாக்காத பிள்ளைகள் என்று நினைத்திருக்கிறார்.

சாப்பாட்டையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும், அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் நினைத்தால் பாதி தப்பித்த மாதிரி ஆகிவிடும். கடையின் மெஸ்ஸில் முன்னெல்லாம் வாரத்தில் மூன்று நாள் கீரை உண்டு, அவரைக்காயோ வாழைப்பூவோ ஒரு பொரியல் உண்டு. கீரை ஆய்வதற்கு ரெண்டு பொம்பளைகள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள், வாழைப்பூ என்றால் இன்னும் அதிகம், அந்த நேரத்தில் தரைத்தளம் பெருக்க ஆள் இல்லை, இதைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் அவர்தான். அன்றிலிருந்து வெள்ளைச் சோறு, தண்ணீராய் ஒரு சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு, அப்பளம். அவரும் அதைத்தான் சாப்பிட்டார், ஒரே மெஸ், ஒரே சோறு. அதனால்தான் தனக்கும் இப்படி ஆயிற்று என்று, டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் வரும்போது நினைத்தார், நினைத்ததும் ஒரு ஆறுதல் வந்தது, தண்டனையைத் தானும் வாங்கிக்கொண்டோம் என்பதைப் போல, அந்த ஆறுதல் வந்ததற்கும் வெட்கப்பட்டார், ஏனென்றால் அவருக்கு நாலாம் மாடி இருந்தது, அவளுக்கு இல்லை. ஒரு ஆவணி மாதம் வடிவின் யூனிபார்ம் சேலையில் பின்பக்கம் ரத்தம். ஒரு பெண் வந்து சொன்னாள், அவர் அது மாதவிலக்கு என்று நினைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, அரை நாள் லீவு போட்டுட்டுப் போகச் சொல்லு என்றார். பெரியாஸ்பத்திரியில் வைத்து ஆப்பரேஷன் நடந்தது என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தது, ஆசனவாய் கிழிந்து புண்ணாகிச் சீழ் வைத்திருந்ததாம். பெட்டியை எடுத்துப்போக அவளுடைய அப்பா வந்தார், நெட்டையான மனிதர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு மாடி ஏறி வந்திருந்தார். "எம் மகளை நல்லபடியா வச்சிருந்தீங்க அண்ணாச்சி, உங்களப் பத்தி ஒரு குறை சொன்னதில்ல அவ," என்று கும்பிட்டார். பதிலுக்கு ஆவுடையப்பனும் கும்பிட்டார். குறை சொல்ல வாய் வந்திருக்காது, எதைச் சொல்லுவாள் அப்பாவிடம்? இவரே மூன்று வருடம் கட்டின மனைவியிடம் சொல்லவில்லையே. உள்ளாடையைத் தானே அலசிக் காயப்போட்டதைப் பார்த்து, என்ன புதுசா நீங்களே துவைக்குதீங்க என்று கோமு கேட்டதற்கு, உனக்கு முட்டுவலின்னுதான் என்றார். கீரை எதுக்கு என்று கேட்டதற்குச் சர்க்கரை வராமல் இருக்க என்றார். கோமு சந்தோஷமாகக் கீரை ஆய்ந்தாள், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் ஆய்ந்தாள், அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது அலை பதினொன்று முப்பத்தைந்துக்கு வந்தது, அதில் மரியாதை இல்லை. நெற்றியில் வேர்த்தது, ஏசி நேராக அவர் தலைமேல்தான் வீசிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு இன்னும் எண்பத்தைந்து நிமிடம். அடக்கினால் போய்விடும், உள்ளே திரும்பிப் போய் இறுகி உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் நாலு நாள், அப்புறம் ரத்தம், அப்புறம் வெட்டு. மனசின் ஒரு மூலையிலிருந்து அந்த டாக்டர் பெண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இழுப்பறையைத் திறந்தார், மூடினார். சேலை சுற்றித் தரும் பிளாஸ்டிக் பை ஒன்று கிடந்தது, கட்டையை அதற்குள் போட்டால் பாதிதான் உள்ளே போனது, சிவப்பு நுனி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வேட்டித்துண்டு ஒன்றை எடுத்துச் சுற்றினார், கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏதோ சரக்கு பார்க்கப் போகிறவர்போல நடந்தார். முதல் கவுண்டர். இரண்டாவது. நடக்கும்போது நிமிர்ந்தும் நடக்க முடியவில்லை, குனிந்தும் நடக்க முடியவில்லை, எவ்வளவு வேகம் போனால் சந்தேகம் வராது என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனார், இத்தனை வருடம் இருபத்திரண்டு பெண்களும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் இவர் எதிரில் நடந்திருக்கிறார்கள் என்பது ஐந்தாவது கவுண்டரில் வந்தது. ஏழாவதில் ஒரு ஆள் அவர் தோளைத் தட்டி, "அண்ணாச்சி, இதுக்கு மேட்சா ரவிக்கைத் துணி வருமா?" என்று கேட்டான், அவர் திரும்பினார், துண்டு நழுவிற்று, கட்டை மொசைக் தரையில் விழுந்தது. மரமும் சாவியும் சேர்ந்து விழுந்த அந்தச் சத்தம் மாடியில் எல்லோருக்கும் தெரிந்த சத்தம். பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். சிரித்திருந்தால் தாங்கியிருப்பார், கோபப்பட்டாவது தப்பித்திருப்பார். ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லோரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கையில் இருந்த சேலையைப் பார்த்தார்கள், அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததனால்தான் பார்க்கவில்லை. எட்டாவது கவுண்டரிலிருந்து ஜெபமலர் இறங்கி வந்து கட்டையை எடுத்தாள். வடிவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள், விடுதியில் அவளுடைய அறையில் இருந்தவள். துண்டைச் சுற்றாமல் அப்படியே அவர் கையில் கொடுத்தாள். "போயிட்டு வாங்க அண்ணாச்சி. மேசையை நான் பாத்துக்கிடுதேன்," என்றாள். கேலி இல்லை. இருக்கிறதா என்று தேடினார், இல்லை.

அந்தக் கழிப்பறைக்குள் அவர் கடைசியாக வந்தது பூட்டு மாட்டிய அன்றைக்கு. உள்தாழ்ப்பாள் உடைந்துபோய் ஆணியில் சேலைக்கரைத் துணி ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள், அதைச் சுற்றிச் சுற்றித்தான் கதவை நிறுத்த வேண்டும், சுற்றுவதற்குள் உயிர் போய் வந்தது. பல்பு இல்லை, மேலே ஒரு சதுரக் கண்ணாடியிலிருந்து கொஞ்சம் வெளிச்சம். உட்கார்ந்தார். பயந்தார், வழக்கமாக உட்கார்ந்ததும்தான் அந்த வலி கண்ணாடிச்சில்லாக இறங்கும், பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்தார். ஒன்றும் இறங்கவில்லை. எளிதாக, சிறுபிள்ளைக்குப் போவதுபோல, முக்கக்கூட இல்லாமல் முடிந்துவிட்டது. வெறும் கீரை. வெறும் கொய்யாப்பழமும் தண்ணீரும். இவ்வளவுதானா, இந்த எளிதான காரியத்துக்கா என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது, சத்தம் போடாமல் அழுதார், உடம்புக்குச் சுகமாக இருந்ததாலா, சேலையில் ரத்தத்தோடு நின்ற பெண்ணுக்காகவா என்று பிரித்துப் பார்க்க முயன்றார், சுகம்தான் பாதி என்று தெரிந்தது, அதற்கும் கூச்சமாக இருந்தது. குழாயைத் திருகினார். காற்று வந்தது. இன்னும் திருகினார், கொர்ரென்று ஒரு சத்தம். வாளியைத் தடவினார், கைக்கு ஈரம்தான் பட்டது. அந்த இருட்டில் குந்தியபடி, ஐம்பத்தொரு வயதில், மகளைக் கட்டிக்கொடுத்த ஒரு மனிதர், யாரை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். போன் மேசையில் இருக்கிறது. கூப்பிட்டால் இருபத்திரண்டு பேருக்கும் கேட்கும். கூப்பிடாவிட்டால்? கைக்குட்டை இருக்கிறது. கைக்குட்டை போதாது. எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. கதவில் ஒரு விரல் தட்டிற்று. "அண்ணாச்சி," ஜெபமலரின் குரல், மிகவும் தாழ்ந்து, "பதினொன்றரைக்கு மேல இதுல தண்ணி வராது. மோட்டாரை நிறுத்திருவாங்க. வாளி வாசல்ல வச்சிருக்கேன். நான் போயிட்டேன்." காலடி விலகிப்போவது கேட்டது. துணி முடிச்சை அவிழ்த்துக் கதவை ஒரு சாண் திறந்து வாளியை உள்ளே இழுத்தார். விளிம்பு வரை நிறைந்திருந்தது, மூன்றாம் மாடிக் குழாயிலிருந்து படி இறங்கித் தூக்கி வந்திருக்க வேண்டும், அங்கேதான் இந்த நேரத்தில் தண்ணீர் உண்டு. பதினொன்றரைக்கு மேல் தண்ணீர் வராது. ஒரு மணிக்குத்தான் பூட்டைத் திறப்பார். எட்டு வருடமாக ஒரு மணிக்குத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தது தண்ணீர் இல்லாத கழிப்பறையை. ஒருத்திகூட அவரிடம் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது மேனேஜர் பால்துரை அவருடைய மேசையருகே இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார், ஜெபமலர் அவரிடம் ஏதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். "என்னவே ஆவுடையப்பன், தள்ளுபடி நேரத்துல செக்ஷனை விட்டுட்டு எங்க போனீரு?" பால்துரை கேட்டது கூட்டத்துக்கு மேலாகக் கேட்டது. குடோனுக்கு என்று நாக்கு தயாராக வைத்திருந்தது. "கக்கூஸுக்குப் போயிருந்தேன்," என்றார் ஆவுடையப்பன், அது அவர் நினைத்ததைவிடப் பலமாக வந்தது, பக்கத்தில் சேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு அம்மாள்கள் நிமிர்ந்தார்கள், அவர் முகம் காது வரைக்கும் எரிந்தது. "வயிறு சரியில்ல. மூலம். இனிமேலும் போவேன். அங்க தண்ணியும் இல்ல, மோட்டாரைச் சாயங்காலம் வரை ஓடவிடச் சொல்லணும்." பால்துரை சுற்றிப் பார்த்தார், சரி சரி என்று முணுமுணுத்தார், இதையெல்லாமா இங்க வச்சிப் பேசுவீரு என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். பிறகு மூன்றாவது கவுண்டரில் இருந்த புதுப் பெண், பெயர்கூட அவருக்குச் சட்டென்று வரவில்லை, வந்து நின்றாள், சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு. "அண்ணாச்சி, நானும்..." "பூட்டல," என்றார். "போ. மேலே இருந்து தண்ணி எடுத்துக்கிட்டுப் போ." அவள் போனாள், கையில் ஒன்றும் இல்லாமல். அவள் இடத்தில் ஒரு அம்மாள் காத்திருந்ததால் ஆவுடையப்பன் கவுண்டருக்குள் போய்ச் சேலையை விரித்தார், பத்தொன்பது வருடமாக விரிக்காத கை, கரை கோணலாக விழுந்தது, அம்மாள் வேறு நிறம் கேட்டாள். மேசைப் பக்கமிருந்து வந்து நின்ற ஜெபமலர் கையை நீட்டி அந்தக் கரையை நேராக்கினாள். அவளைப் பார்க்காமலே கேட்டார். "வடிவு இப்ப எப்படி இருக்கா?" "இருக்கா அண்ணாச்சி. ஊர்லதான். தையல் தைக்கா. ரொம்ப நேரம் உக்கார முடியாது அவளுக்கு, நின்னுக்கிட்டே வெட்டுவா." அவர் இன்னொரு சேலையை விரித்தார். "அவ நம்பர் இருக்கா உங்கிட்ட?" "எதுக்கு அண்ணாச்சி?" எதற்கு? விரித்த சேலையின் கரையைத் தானே இழுத்து நேராக்கினார். "ஒரு வார்த்தை சொல்லணும்." ஜெபமலர் சேலையை மடித்து முடித்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள், இந்த மாடியில் அவரை யாரும் அப்படிப் பார்த்தது கிடையாது. "தரமாட்டேன் அண்ணாச்சி. அவகிட்டக் கேக்காமத் தரமாட்டேன். அவ வேண்டாம்னு சொன்னாலும் சொல்லுவா." "சரி," என்றார். "கேளு. வேண்டாம்னா விட்டுரு." அம்மாள் பச்சையில் காட்டச் சொன்னாள். அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார், பச்சை எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியவில்லை, ஜெபமலரிடம் கேட்க வேண்டியிருந்தது.